பெட்டை நாய்க்கு முதல் ஹீட்: முதல் பொட்டு முதல் நான்காவது மாதம் வரை

எங்கள் வீட்டுத் தரை சிவப்பு ஆக்சைடு போட்டது. முதல் இரண்டு நாளை நான் கோட்டை விட்டதற்கு அதுதான் காரணம்.

செவலைக்கு அப்போது 9 மாதம். கண்மாய்க் கரையில் சாக்கோடு கிடந்த நான்கு குட்டிகளில் ஒன்று, நாட்டு நாய். இரண்டு நாளாகப் பின்பக்கத்தை ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தாள். உண்ணி கடிக்கிறது போல என்று சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் காலையில் அப்பாவின் வெள்ளை வேட்டியில் நாலணா அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. அப்பா தன் காலைத் தடவிப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். அம்மா மட்டும் நாயைப் பார்த்தாள்.

"அவ பெரிய மனுசி ஆயிட்டாடா."

அன்று மதியமே செவலையின் தட்டில் உளுந்தங்களி விழுந்தது. கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் போட்டு முறையாகக் கிண்டிய களி. ஒரு உருண்டையால் நாய்க்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் 'பெரிய மனுசி' என்ற அந்தக் கணக்கில்தான் நாங்கள் மூன்று பேரும் வழுக்கினோம். பெண்ணுக்கு ரத்தம் நின்றால் அந்த மாதத்துப் பாடு முடிந்தது. நாய்க்கு ரத்தம் குறையும்போதுதான் உண்மையான காவல் நாட்கள் தொடங்குகின்றன. முதல் முறை நாய் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். நானும் அங்கேதான் தவறினேன்.

1. வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

பொமரேனியன், பக் போன்ற சின்ன உருவங்களுக்கு 6 மாதத்திலேயே ஹீட், அதாவது இணைசேரும் பருவம், வந்துவிடலாம். நாட்டு நாய், லாப்ரடார், சிப்பிப்பாறை அளவுள்ளவைக்குப் பெரும்பாலும் 8 முதல் 14 மாதத்துக்குள். கிரேட் டேன் மாதிரிப் பெரிய உடம்புக்காரிகளுக்கு ஒன்றரை வருடம், சிலருக்கு 2 வருடம்கூட ஆகும். 2 வருடம் தாண்டியும் வரவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு சராசரியாக 6, 7 மாதத்துக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு நாய்க்கும் அதனதன் கணக்கு. முதல் இரண்டு மூன்று முறை அந்தக் கணக்கும் ஒழுங்காக இருக்காது.

வீட்டு நாய்க்கு வருடத்தில் எந்த மாதமும் வரலாம். தெரு நாய்கள்தான் மழைக்காலத்தை ஒட்டிக் கூட்டமாகத் திரியும். 'மார்கழி மாச நாய்' என்று நம் ஊரில் வசவே இருக்கிறது. அந்தச் சமயத்தில் உங்கள் வீட்டுக்காரியும் ஹீட்டுக்கு வந்தால் காவலை இரட்டிப்பாக்க வேண்டும்.

ஆகவே குட்டிக்கு 5 மாதம் ஆனதுமே மூன்று வேலைகளை முடித்து வையுங்கள். ஒன்று, ரேபிஸ் உட்பட எல்லாத் தடுப்பூசியும். ஹீட் நாட்களில் வாசலில் கடுவன்கள், அதாவது ஆண் நாய்கள், சண்டை போடும், அந்தச் சண்டையில் கடி படுவது உங்கள் நாயாகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். இரண்டு, கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளி, மதிலில் ஏற வசதியாகச் சாய்த்து வைத்த பழைய கட்டில், கொல்லைக் கதவின் தளர்ந்த தாழ்ப்பாள், இதையெல்லாம் ஒரு கடுவனின் கண்ணால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மூன்று, கருத்தடை ஆபரேஷன் செய்வதா, எப்போது என்று டாக்டரிடம் முதல் ஹீட்டுக்கு முன்பே பேசிவிடுங்கள். அந்தப் பேச்சை நான் தள்ளிப் போட்டேன். இந்தக் கதை நீண்டது அதனால்தான்.

2. முதல் நாளைப் பிடிப்பது

ரத்தம் முதல் அறிகுறி அல்ல. அதற்குச் சில நாள் முன்பே குணம் மாறும். சில நாய் காலைச் சுற்றிச் சுற்றி வரும், சில நாய் எரிந்து விழும். நடக்கக் கூட்டிப் போனால் பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து சிறுநீரைத் துளித்துளியாக விட்டுப் போகும். அது கடுவன்களுக்கு எழுதிப் போடும் கடுதாசி. பிறப்புறுப்பு வீங்கி, சாதாரண அளவைவிட இரண்டு மூன்று மடங்காகத் தெரியும்.

6 மாதம் ஆனதிலிருந்து தினமும் காலையில் ஒரு வெள்ளை டிஷ்யூவையோ வெள்ளைத் துணியையோ வைத்து ஒற்றிப் பாருங்கள். அரை நிமிட வேலை. தரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று இருக்காதீர்கள். சுத்தக்காரியான நாய் சொட்டு விழுமுன்பே நக்கித் துடைத்துவிடும். முதல் ஹீட்டில் ரத்தமே தெரியாமல் போவதும் உண்டு, ஆனால் கருத்தரிக்கும் சக்தி அதற்குள் இருக்கும். வேறெந்தக் குறியும் இல்லாமல் திடீரென்று தெருக் கடுவன்கள் உங்கள் வாசலில் படுக்கத் தொடங்கினால் அவற்றின் மூக்கை நம்புங்கள்.

டிஷ்யூவில் முதல் சிவப்பு தெரிந்த தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹீட்டுக்கே வராத குட்டிகளுக்கும் பிறப்புறுப்பில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கொஞ்சம் கசிவு இருக்கலாம். அது குட்டிப் பருவத்து அழற்சி. பெரும்பாலும் முதல் ஹீட்டோடு தானே சரியாகிவிடும், ஆனாலும் டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும். ஆபரேஷனை ஒரு ஹீட் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

3. சிவப்பு நாட்கள்

முதல் கட்டம் சராசரியாக 9 நாள். 3 நாளில் முடிந்த நாயும் உண்டு, 17 நாள் இழுத்த நாயும் உண்டு. ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் ஏறி, கருப்பையின் உட்சுவர் தடித்து, நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து கசிவதுதான் இந்த ரத்தம். கரு தங்காததால் உட்சுவர் உரிந்து வருகிற மாதவிடாய் அல்ல இது. மனுசிக்கு அது ஒரு சுற்றின் முடிவு. நாய்க்கு இது அடுப்புப் பற்றவைத்த புகை, சமையல் இனிமேல்தான்.

இந்த நாட்களில் கடுவன்கள் சுற்றி வரும், ஆனால் இவள் கிட்டே விடமாட்டாள். உறுமுவாள், வாலைக் கால்களுக்கு இடையே இறுக்கி உட்கார்ந்துகொள்வாள். "நம்ம பொண்ணு யாரையும் அண்ட விடமாட்டா" என்று நமக்குப் பெருமையாக இருக்கும். ஒரு வாரத்தில் அந்தப் பெருமை கவிழும்.

வீட்டு வேலை என்று பார்த்தால் சுத்தம்தான். கடையில் நாய் டயப்பர் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அக்கா பையனின் பழைய ஜட்டிதான். வாலுக்கு ஒரு ஓட்டை வெட்டி, உள்ளே பருத்தித் துணி மடித்து வைத்தோம். செவலை முதலில் தோசைக்கல்லில் நின்றது போல நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கினாள், ஒரு மணி நேரத்தில் மறந்துவிட்டாள். மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிறுநீர், மலத்துக்கு வெளியே விடும்போது கழற்றுங்கள். இரவு முழுக்க மாட்டி வைத்தால் நம் ஊர் வெக்கைக்குத் தோல் வெந்துவிடும். ஒரு பழைய போர்வையை விரித்து, அதுதான் அவள் இடம் என்று வைத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். டெட்டால், மஞ்சள் தண்ணீர் எதுவும் வேண்டாம். குளிப்பாட்டக் கூடாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் போட்ட பழைய சட்டம், நாய்க்கு ஏன் அதை நீட்ட வேண்டும்?

பசி குறையலாம், கூடவும் செய்யலாம். தண்ணீர் எப்போதும் நிறைய இருக்கட்டும். வலிக்குமோ என்று பாரசிட்டமாலோ இப்யூபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் நாய்க்கு விஷமாகிற மருந்து. அதைவிட மோசம், ஹீட்டை நிறுத்தப் பெண்களுக்கான கருத்தடை மாத்திரையைக் கொடுப்பது. இப்படி ஹார்மோனோடு விளையாடினால் பின்னால் கருப்பையில் சீழ், முலைக் கட்டி என்று வட்டியோடு திரும்பி வரும்.

4. வைக்கோல் நிற நாட்கள்

8, 9, 10ஆம் நாள் வாக்கில் டிஷ்யூவில் நிறம் மாறும். கருஞ்சிவப்பு இளஞ்சிவப்பாகும், பிறகு வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெளிறும். வீங்கி விறைத்திருந்த பிறப்புறுப்பு மெத்தென்று தளரும். இதுதான் சேர்க்கைக்கு அவள் சம்மதிக்கும் கட்டம். இதுவும் சராசரியாக 9 நாள், 3 முதல் 21 நாள் வரை போகலாம். சில நாய்க்கு இந்த நாட்களிலும் சிவப்பு மாறாது. அதனால் நிறத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நானே செய்து பார்த்த சோதனை ஒன்று. வால் தொடங்கும் இடத்துக்கு மேலே, இடுப்பில் இரண்டு விரலால் லேசாக அழுத்துங்கள். முன்பெல்லாம் திரும்பிப் பார்ப்பவள் இப்போது பின்னங்கால்களை ஊன்றி, சிலை மாதிரி நின்று, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டால் கதவுகளைப் பூட்டுங்கள்.

கருமுட்டை வெளியே வந்த உடனே கருத்தரிக்கத் தயாராக இருக்காது, முதிர்வதற்கு இன்னும் 2, 3 நாள் வேண்டும். கடுவனின் விந்தணுவோ உள்ளே 5, 7 நாள்கூட உயிரோடு காத்திருக்கும். ஆக, 'இன்னும் ரத்தம் வருதே, இப்ப சேர்ந்தா என்ன ஆகப்போகுது' என்பதும் தப்பு, 'ரத்தம்தான் நின்னுபோச்சே' என்பது அதைவிடத் தப்பு. ஒரே ஈற்றில் இரண்டு மூன்று கடுவன்களின் குட்டிகள் பிறப்பதும் இதனால்தான். ஒருமுறை நடந்துவிட்டது, இனிமேல் என்ன என்று அவிழ்த்து விட்டுவிடாதீர்கள்.

ஊரில் 21 நாள் கணக்குச் சொல்வார்கள். என் கணக்கு 28. முதல் பொட்டிலிருந்து 4 வாரம் முழுசாக ஓடி, வீக்கம் வற்றி, வாசலில் கடுவன்கள் கலைந்த பிறகுதான் செவலையைச் சங்கிலி இல்லாமல் விடுவது என்று பின்னால் முடிவு செய்தேன். முதல் ஹீட்டில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஒரு வாரம் அறிகுறி காட்டி அப்படியே அடங்கிவிடும். சில வாரம் கழித்துத் திரும்பவும் தொடங்கும். முட்டை வெளிவருவது அந்த இரண்டாவது தடவையில்தான். அதனால் சீக்கிரம் அடங்கிய ஹீட்டை முடிந்ததென்று நினைக்காமல் மேலும் இரண்டு மாதத்துக்கு டிஷ்யூ சோதனையைத் தொடருங்கள்.

5. வாசல், மதில், மாடி

இந்தக் காலத்தில் வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். பால்காரருக்குக் கதவைத் திறக்கும் அப்பா, குப்பை கொட்டப் போகும் அம்மா, மாடியில் துணி காயப் போடும் அக்கா, யாராவது ஒருவர் மறந்தால் போதும். கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையே ஒன்று எப்போதும் சாத்தியிருக்க வேண்டும் என்று சட்டம் போடுங்கள்.

கம்பி கேட் காவல் ஆகாது. பெட்டை உள்ளே, கடுவன் வெளியே, நடுவில் கம்பி, அப்படியே சேர்க்கை நடந்துவிடும். டயப்பரும் காவல் ஆகாது. கொல்லையில் சங்கிலியில் கட்டிப் போடுவது எல்லாவற்றிலும் மோசம். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது, மதில் ஏறி வருகிறவனுக்கு வசதி.

வெளியே போகத்தான் வேண்டும். சின்ன நாயைத் தூக்கிக்கொண்டும், பெரிய நாயை வண்டியில் ஏற்றியும் இரண்டு தெரு தள்ளிப் போய் இறக்கி விடுங்கள், வாசலில் இருந்தே நடத்திக்கொண்டு போனால் அந்த வாசனைக் கோடு நேரே வீட்டுக்கு வழி காட்டும். கூட்டம் குறைந்த நேரம் பாருங்கள். கழுத்துப் பட்டை இறுக்கமா என்று பாருங்கள், உடம்போடு சேர்த்து மாட்டும் பட்டை இன்னும் நல்லது. கூப்பிட்டால் ஓடி வரும் நாய்தான் என்று அவிழ்த்து விடாதீர்கள். இந்த நாட்களில் அவள் காதில் உங்கள் குரல் விழாது.

மொட்டை மாடி நல்ல இடம், காலையிலும் மாலையிலும். மதிய வெயிலில் தளம் பாதத்தைப் பொசுக்கிவிடும். பக்கத்து வீட்டு மாடியோடு ஒட்டிய மாடி என்றால் கூடவே நில்லுங்கள்.

வாசனையை மறைக்கத் தைலம், கற்பூரம், வேப்பெண்ணெய் என்று பின்பக்கத்தில் தடவச் சொல்வார்கள். தோல் எரியும், அதை அவள் நக்குவாள், வயிறு கெடும். கடுவனோ ஏமாற மாட்டான்.

வீட்டிலேயே கடுவன் இருந்தால் அவனைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவதுதான் ஒரே நிம்மதி. அண்ணன் தங்கச்சி, அப்பா மகள் என்ற முறையெல்லாம் நாய்களுக்குக் கிடையாது. போன வாரம்தான் அவனுக்கு ஆபரேஷன் ஆயிற்று என்ற தைரியமும் வேண்டாம், அதற்குப் பிறகும் சில வாரம் அவனால் குட்டி உண்டாக்க முடியும்.

6. கோட்டை விட்டால்

12ஆம் நாள் செவலையின் டிஷ்யூ கிட்டத்தட்ட வெள்ளை. "முடிஞ்சுது" என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன். ஜட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டோம். மறுநாள் காலை 6 மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் முருங்கை மரத்தடியில் செவலையும் காது கிழிந்த ஒரு கருப்புக் கடுவனும், பின்பக்கம் ஒட்டியபடி ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் சத்தம் கேட்டு ஒரு கம்போடு மதிலுக்கு மேல் வந்துவிட்டார். "தம்பி, ஒரு வாளி தண்ணி ஊத்து, பிரிஞ்சிரும்."

ஊற்றாதீர்கள், அடிக்காதீர்கள், இழுக்காதீர்கள். கடுவனின் உறுப்பின் அடிப்பகுதி உள்ளே போய் வீங்கிக்கொள்கிறது, பெட்டையின் தசை அதை இறுக்குகிறது. நினைத்தால்கூட அவற்றால் பிரிய முடியாது. இழுத்தால் இரண்டுக்கும் கிழியும். 5 நிமிடத்திலும் விடுபடலாம், அரை மணி நேரமும் ஆகலாம். விந்து முன்பே உள்ளே போய்விட்டிருக்கும், பிரிப்பதால் எந்த லாபமும் இல்லை. செவலை மிரண்டு ஓடப் பார்த்ததால் அவள் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். 20 நிமிடம். வாயில் பேஸ்ட் நுரையோடு.

பிரிந்ததும் கடுவனை வெளியேற்றிவிட்டு, தேதியைக் குறித்துவிட்டு, அன்றோ மறுநாளோ டாக்டரைப் பாருங்கள். உள்ளே தண்ணீர் பீச்சிக் கழுவுவதால் பயன் இல்லை. களேபரத்தில் தெரு நாய் யாரையாவது கடித்திருந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும், அதில் ஒத்திப்போடுதல் கிடையாது.

'ஒரு ஊசி போட்டா கலைஞ்சிரும்' என்று யாராவது சொல்வார்கள். அந்தக் காலத்து ஈஸ்ட்ரோஜென் ஊசி எலும்பு மஜ்ஜையைப் பாதித்து உயிருக்கே உலை வைக்கக்கூடியது, கருப்பையில் சீழ் பிடிக்கவும் வழி செய்யும். அதைவிடப் பாதுகாப்பான, சினையைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. உங்கள் ஊரில் கிடைக்கிறதா, உங்கள் நாய்க்குப் பொருந்துமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். குட்டி வேண்டவே வேண்டாம் என்றால் ஹீட் அடங்கிய சில வாரத்தில் கருப்பையை எடுத்துவிடும் ஆபரேஷனே நேரான வழி. கரு தங்கியிருந்தாலும் ஆரம்பத்திலேயே செய்யலாம். மனசு கேட்குமா என்பது அவரவர் பாடு.

கரு தங்கியதா என்று பார்க்கச் சேர்க்கை நடந்து 28 நாள் ஆன பிறகு ஸ்கேன். அதற்கு முன் போனால் பணம்தான் வீண். குட்டி போடுவது 63 நாள் வாக்கில், முன்னே பின்னே சில நாள்.

சினை மட்டும்தான் கவலை என்று நினைக்க வேண்டாம். நம் தெரு நாய்களிடம் சேர்க்கையால் பரவும் ஒரு கட்டி சாதாரணம். சில மாதம் கழித்துப் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரிச் சதை வளர்ந்து, நிற்காமல் ரத்தம் சொட்டும். பலர் அதை அடுத்த ஹீட் என்று நினைத்து நாளைக் கடத்துவார்கள். வாரம் ஒருமுறை போடும் வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் முழுசாகக் கரைந்துவிடும், சீக்கிரம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். புரூசெல்லா என்ற கிருமியும் இதே வழியில் வரும். அது மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது என்பதால் சேர்க்கை நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

7. இரண்டு மாதம் கழித்து ஒரு நாடகம்

செவலைக்கு 30ஆம் நாள் ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை. வீடே மூச்சு விட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து அவள் கட்டிலுக்கு அடியில் போர்வையைச் சுரண்டிச் சுரண்டிக் குழி பறித்தாள். அப்பாவின் ஒற்றை ரப்பர் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய் வயிற்றோடு அணைத்துப் படுத்துக்கொண்டாள். காம்புகள் தடித்து, தொட்டால் பால். செருப்பை எடுக்கப் போன அப்பாவைப் பார்த்து முதல் முறையாகப் பல்லைக் காட்டினாள்.

"மெசின் பொய் சொல்லுது" என்றாள் அம்மா.

மெசின் சரிதான். பொய் சொன்னது ஹார்மோன். நாய்க்கு இப்படி ஓர் அமைப்பு: சினையோ இல்லையோ, ஹீட் முடிந்த பின் இரண்டு மாதம் போல புரொஜெஸ்டிரோன் உயர்ந்தே இருக்கும். அது இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். குட்டி இல்லாத நாயின் உடம்பும் குட்டி போட்டது போலவே நடந்துகொள்ளும். பொய்ச்சினை என்பார்கள். நோய் அல்ல, பெரும்பாலும் 2, 3 வாரத்தில் தானே அடங்கும்.

பாலைப் பிழிந்து விடாதீர்கள். பிழியப் பிழியச் சுரக்கும். ஒத்தடமும் வேண்டாம். நடையைக் கூட்டுங்கள், அவள் வெளியே போயிருக்கும்போது செருப்பை மறைத்து வையுங்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள். மடி கல்லாகிச் சூடாகச் சிவந்தால், சாப்பாட்டை நிறுத்தினால், மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தால் டாக்டரிடம் மருந்து உண்டு. இந்த நாட்களில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளக் கூடாது, பால் சுரப்பு அடங்காமல் அப்படியே நிலைத்துவிடலாம்.

8. காத்திருக்கக் கூடாதவை

இதே இரண்டு மாத இடைவெளியில்தான் உயிரைப் பறிக்கும் ஒன்றும் வரும்: கருப்பையில் சீழ். ஹீட் முடிந்த 2 முதல் 10 வாரத்துக்குள் நாய் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடித்துக் குடித்துச் சிறுநீர் கழித்தால், வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால், நாற்றமெடுக்கும் பழுப்பு அல்லது சீழ்க் கசிவு இருந்தால், அன்றைக்கே போங்கள், இரவாக இருந்தாலும் போங்கள். கசிவே இல்லாமல் வயிறு மட்டும் உப்பினால் இன்னும் ஆபத்து. கருப்பையின் வாய் மூடி, சீழ் உள்ளேயே தேங்குகிறது. நடுவயது தாண்டிய நாய்களுக்குத்தான் அதிகம் என்றாலும் முதல் ஹீட்டுக்குப் பிறகும் வந்ததுண்டு. பெட்டைகளுக்குப் பெரும்பாலும் கருத்தடை செய்யாமல் வளர்க்கும் ஸ்வீடனில் கணக்கெடுத்தபோது, 10 வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெட்டைக்கு இது வந்திருந்தது.

ஹீட்டின் நடுவே பிறப்புறுப்பிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சதை பிதுங்கினால் பயந்து உள்ளே தள்ளாதீர்கள். ஈஸ்ட்ரோஜெனால் வீங்கிய யோனிச் சுவர் அது. பெரிய இனத்து இளம் நாய்களுக்கு வரும். ஈரத் துணியால் காயாமல் வைத்து, நக்கிக் கடிக்க விடாமல் அழைத்துப் போங்கள். ரத்தம் 4 வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும்.

9. ஆபரேஷனா, குட்டியா

'ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் நாய்க்கு நல்லது' என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்படியே குட்டி எடுக்க ஆசை என்றாலும் முதல் ஹீட்டில் வேண்டாம். எலும்பு முற்றாத பிள்ளையின் வயிற்றில் பிள்ளை. நாய் இனவிருத்தி செய்பவர்களுக்கான 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளும் 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கைக்கு விடக் கூடாது என்கின்றன. அதற்கு மேல், பிறக்கும் ஐந்தாறு குட்டிக்கும் வீடு பார்த்து வைத்திருக்கிறீர்களா என்பதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். செவலை வந்தது அப்படி வீடு பார்க்காத ஒரு ஈற்றிலிருந்துதான்.

முலைக் கட்டிக்கும் ஆபரேஷனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 0.5, 8, 26 என்று சதவீதங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வின் எண்கள் அவை. முதல் ஹீட்டுக்கு முன் ஆபரேஷன் செய்தால், செய்யாத நாய்க்கு இருக்கும் அபாயத்தில் 0.5 சதவீதம், ஒரு ஹீட் கழித்துச் செய்தால் 8, இரண்டுக்குப் பின் 26 என்று பொருள். நூறு நாயில் எட்டுக்குக் கட்டி வரும் என்று அதற்கு அர்த்தம் அல்ல. அந்த ஆதாரம் அவ்வளவு பலமானதல்ல என்று 2012இல் ஒரு மறுபரிசீலனையும் சொன்னது. பெரிய இனங்களுக்கு மூட்டு வளர்ச்சிக்காக ஒரு வருடம் தாண்டட்டும் என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். நாட்டு நாய்க்கும் சின்ன நாய்க்கும் சீக்கிரம் செய்துவிடலாம் என்பதுதான் என் கட்சி. ஒரு ஹீட் போய்விட்டால் இரண்டாவதைப் பார்க்க ஏன் காத்திருக்க வேண்டும்?

ஹீட் நடக்கும்போது செய்ய வேண்டாம். கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தப்போக்கு அதிகமாகும். முடிந்து 2 முதல் 3 மாதம், பொய்ச்சினையும் அடங்கிய பிறகு சரியான நேரம். தனியார் கிளினிக் செலவு கட்டாது என்றால் மாட்டாஸ்பத்திரியில் கேளுங்கள், டவுனில் உள்ள பெரிய கால்நடை மருத்துவமனைகளில் செய்கிறார்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளும் மருத்துவமனையோடு இருக்கின்றன. முன்கூட்டியே போய்த் தேதி கேட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் 10 நாள் தையலை நக்க விடக் கூடாது. கழுத்தில் மாட்டும் புனலோடு அவள் கதவு நிலையிலும் உங்கள் முழங்காலிலும் மோதிக்கொண்டே திரிவாள். ஓட்டம், மாடிப்படி, குளியல் மூன்றும் அதுவரை இல்லை. பிறகு உடம்பு போடும், சோற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

செவலைக்கு நாள் குறித்தது ஹீட் முடிந்து நான்காவது மாதம். முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் எதுவும் படக்கூடாது, மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். காலை 5 மணிக்கு அடுக்களையில் நல்லெண்ணெய் வாசம். பச்சை உடம்புக்காரி வெறும் வயிற்றோடு போகக் கூடாதென்று அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். சட்டியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.